சண்டை முடிந்த பிறகு நெஞ்சு ஏன் இடிக்கிறது?

(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான கலந்துரையாடலில் உளவளத்துணையாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டுத்திட்டம், காணி உறுதி, கிணறு துப்புரவாக்குவது பற்றியெல்லாம் மற்றவர்கள் உங்களுக்கு விளக்கமாகச் சொல்லுவார்கள். நான் கதைக்க வந்தது ஒரு வருத்தத்தைப் பற்றி. இந்த வருத்தம் உள்ளவர்கள் அதிகம். வெளியில் சொல்லுகிறவர்கள் குறைவு.

திடீரென்று நெஞ்சு இடிக்கத் தொடங்கும். மூச்சு முட்டும். கை கால் விறைக்கும், விரல் நுனிகள் கூசும். உடம்பு வியர்த்துக் குளிரும். தலை சுற்றும், வயிற்றைப் பிரட்டும். பக்கத்தில் நிற்கிற ஆட்கள்கூட எங்கேயோ தூரத்தில் நிற்பது போல இருக்கும். 'நான் இப்ப சாகப்போறன்' என்றோ 'எனக்கு விசர் பிடிக்கப்போகுது' என்றோ மனம் சொல்லும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். பிறகு களைப்பும், அழுகையும், 'திரும்ப எப்ப வருமோ' என்ற பயமும் மிஞ்சும்.

மனம் அமைதியில்லாமல் பதறிக்கொண்டிருப்பதைப் பதகளிப்பு என்று சொல்லுகிறோம். அந்தப் பதகளிப்பு சில நிமிடங்களுக்குள் ஒரேயடியாக உச்சத்துக்கு ஏறி இறங்குவதைப் பீதித் தாக்கம் என்று வைத்தியர்கள் சொல்லுவார்கள். ஒருவருக்கு வாழ்க்கையில் ஒன்றிரண்டு தரம் இப்படி வந்து போகலாம். அடிக்கடி வந்தால், அல்லது வந்துவிடுமோ என்ற பயத்தால் ஆள் வெளியில் போவதையே நிறுத்திவிட்டால், அதற்கு உதவி தேவை. அது மாற்றக்கூடிய வருத்தம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

'சண்டை நேரம் வராதது இப்ப ஏன் வருது?'

நான் போகிற இடமெல்லாம் கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஷெல்லடிக்குள்ளும் கிபிரடிக்குள்ளும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள், பங்கருக்குள் சமைத்தவர்கள், முகாமில் தறப்பாளுக்குக் கீழே வருடக்கணக்காக இருந்தவர்கள், இப்போது சொந்த வளவுக்குள் இருந்து தேத்தண்ணி குடிக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழப்பார்க்கிறார்கள். 'அந்த நேரம் கல்லு மாதிரி நிண்டனான், இப்ப ஏன் இப்பிடி?' என்று தங்களைத் தாங்களே நொந்துகொள்கிறார்கள்.

நம்முடைய உடம்புக்குள் ஒரு காவல்காரன் இருக்கிறான். ஆபத்து வந்தால் அவன் மணி அடிப்பான். மணி அடித்தவுடன் அட்ரினலின் என்ற சுரப்பு இரத்தத்தில் கலக்கும். ஓடுவதற்குக் காலுக்கு இரத்தம் வேண்டும், அதனால் நெஞ்சு வேகமாக அடிக்கும். காற்று வேண்டும், அதனால் மூச்சு வேகமாகும். தோலுக்குப் போகிற இரத்தம் குறையும், அதனால் கை குளிரும். உடம்பு சூடாகாமல் இருக்க வியர்வை வரும். சாப்பாடு செரிக்கிற வேலை நின்றுபோகும், அதனால் வயிறு பிரட்டும். இவ்வளவும் உயிரைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடு. சண்டைக்குள் உங்களை ஓட வைத்ததும் பதுங்க வைத்ததும் இதே காவல்காரன்தான். அப்போது நீங்கள் ஓடினீர்கள், அதனால் அந்த வேகம் முழுவதும் ஓட்டத்தில் செலவானது. யோசிக்கவும் நேரம் இருக்கவில்லை.

வருடக்கணக்காக ஓய்வில்லாமல் நின்ற காவல்காரனுக்கு, சண்டை முடிந்தது என்று யாரும் போய்ச் சொல்லவில்லை. அவன் இன்னும் காவலில்தான் நிற்கிறான். வானத்தில் ஹெலி போனால் மணி அடிக்கிறான். கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தினால் அடிக்கிறான். மாரி காலத்து இடி, பக்கத்து வளவில் குப்பை எரிக்கிற மணம், சந்தையில் ஆட்கள் நெருக்குவது, மே மாதத்தில் ஒரு நாள், எல்லாவற்றுக்கும் அடிக்கிறான். சில நேரம் ஒரு காரணமும் தெரியாமல் அடிப்பான். மணி உண்மையானது, இடி உண்மையானது, ஆனால் ஆபத்து அங்கே இல்லை. நீங்கள் கதிரையில் இருக்கிறீர்கள். ஓட்டத்துக்குத் தயாரான உடம்பு ஓட இடமில்லாமல் நிற்கிறது. அதைத்தான் 'நெஞ்சு வெடிக்கப்போகுது' என்று உணருகிறோம்.

திரும்பி வந்த இடமும் ஒரு காரணம். இங்கே இருப்பவர்களில் சிலர் வலிகாமம் வடக்கில் 1990 இல் விட்டுப்போன காணிக்கு 27, 28 வருடம் கழித்து வந்தவர்கள். சிலர் 2009 இற்குப் பிறகு மெனிக் பாமில் இருந்து வன்னிக்குத் திரும்பியவர்கள். சிலர் இந்தியாவில் முகாமில் இருந்து வந்தவர்கள். எல்லோரும் சொல்லுகிற ஒன்று உண்டு: வந்த முதல் சில மாதம் ஒன்றும் செய்யவில்லை. பற்றை வெட்டுவது, கொட்டில் போடுவது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, பதிவுக்கு அலைவது என்று நாள் போய்விடும். கூரை போட்டு, அடுப்பு மூட்டி, கொஞ்சம் ஆறி இருக்கும்போதுதான் இது வரத் தொடங்கும். மனம் அடக்கி வைத்திருந்ததை இறக்கி வைக்க இடம் கிடைத்தவுடன் இறக்குகிறது. ஆகவே, இப்போது வருவது உங்கள் பலவீனத்தின் அடையாளம் என்று நினைக்கவேண்டாம்.

இது மாரடைப்பா?

நெஞ்சிடி முதல் தடவை வந்தால், 'இது பதகளிப்புத்தான்' என்று நீங்களாக முடிவு செய்யவேண்டாம். கட்டாயம் வைத்தியசாலைக்குப் போங்கள். நாடி பார்ப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள், தேவையானால் ஈசிஜி எடுப்பார்கள். இரத்தச்சோகை, தைரொயிட் பிரச்சினை, சீனி குறைதல், ஆஸ்மா போன்றவையும் இதே மாதிரி நெஞ்சிடியையும் மூச்சு முட்டலையும் தரும். அவை இல்லை என்று தெரியவேண்டும்.

நெஞ்சின் நடுவில் பாரம் வைத்து அமத்துவது போன்ற நோ, அந்த நோ இடது கைக்கோ, தாடைக்கோ, முதுகுக்கோ பரவுவது, வேலை செய்யும்போது கூடி இருக்கும்போது குறைவது, ஆள் நினைவில்லாமல் விழுவது, இவற்றில் ஒன்று இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கவேண்டாம். வயது போனவர்கள், நீரிழிவும் பிரஷரும் உள்ளவர்கள், புகைப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். அதற்குக் காசு இல்லை.

சோதித்துப் பார்த்த வைத்தியர் 'இதயம் நல்லா இருக்கு, ஒண்டும் இல்லை' என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். 'இவ்வளவு பாடுபடுறன், ஒண்டும் இல்லையாம்' என்பார்கள். வைத்தியர் சொல்லுவது இதயத்தில் பழுது இல்லை என்பதை. உங்கள் பாடு பொய் என்று அவர் சொல்லவில்லை. அந்த இடத்திலேயே அவரிடம் கேளுங்கள்: 'அப்ப இது பதகளிப்பால வாறதோ? நான் ஆரைப் பார்க்கவேணும்?' அந்த ஒரு கேள்வி உங்களைச் சரியான கதவுக்குக் கொண்டுபோகும். அதைக் கேட்காமல் வந்துவிட்டு, அடுத்த கிழமை வேறு வைத்தியர், அதற்கடுத்த கிழமை யாழ்ப்பாணத்தில் பிரைவேட் என்று ஈசிஜிக்கும் ஸ்கானுக்கும் கடன்பட்டுக் காசைக் கரைத்த குடும்பங்கள் உண்டு.

இன்னும் சிலர் பேய், செய்வினை என்று நினைக்கிறார்கள். கோயிலுக்கோ, தேவாலயத்துக்கோ, பள்ளிவாசலுக்கோ போவதும் நேர்த்தி வைப்பதும் உங்கள் நம்பிக்கை. அது மனதுக்கு ஆறுதல் தரும். ஆனால் ஆளை அடிப்பது, புகை போடுவது, பட்டினி போடுவது கூடாது. வைத்தியரையும் கட்டாயம் பாருங்கள்.

வந்துவிட்டால் என்ன செய்வது?

இந்தப் பகுதியை வீட்டில் எல்லோரும் வாசியுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

முதலாவது, அதற்குப் பெயர் சொல்லுங்கள். 'இது பீதித் தாக்கம். முந்தியும் வந்தது, முந்தியும் போனது. இப்பவும் போகும்.' பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் அது உச்சிக்கு ஏறிவிடும். பிறகு இறங்கத்தான் வேண்டும். அட்ரினலின் கரைந்துபோகும். உடம்பால் அந்த உச்சத்தில் மணிக்கணக்காக நிற்க முடியாது. கடல் அலை எழும்பி விழுவது போலத்தான். அதை எதிர்த்துத் தள்ளினால் களைத்துப்போவீர்கள். நின்று விட்டுக்கொடுத்தால் கடந்துபோகும்.

இரண்டாவது, மூச்சை ஆறுதலாக்குங்கள். மூச்சு முட்டும்போது இன்னும் இன்னும் காற்றை இழுக்கவேண்டும் போல இருக்கும். அப்படி இழுத்தால் கூடிவிடும். வேகமாக மூச்சு விடும்போது உடம்பில் இருக்கவேண்டிய காபனீரொட்சைட்டு அளவுக்கு மேல் வெளியே போய்விடுகிறது. விரல் கூசுவதும், வாயைச் சுற்றி விறைப்பதும், தலை சுற்றுவதும் அதனால்தான். ஆகவே வெளியே விடுகிற மூச்சை நீளமாக்கவேண்டும். மூக்கால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி மெல்ல இழுங்கள். விளக்கை ஊதி அணைக்காமல் சுடரை மட்டும் அசைக்கிற அளவுக்கு, வாயால் ஆறு எண்ணும்வரை விடுங்கள். கையை வயிற்றில் வையுங்கள். நெஞ்சு எழும்பாமல் வயிறு எழும்பவேண்டும். ஐந்து நிமிடம் செய்யுங்கள். பைக்குள் முகத்தை வைத்து மூச்சு விடச் சொல்லுவார்கள். அதைச் செய்யவேண்டாம். ஆஸ்மாவோ இதய வருத்தமோ உள்ளவருக்கு அது ஆபத்து.

மூன்றாவது, நிற்கிற இடத்துக்குத் திரும்புங்கள். மனம் பழைய இடத்துக்குப் போயிருக்கும், உடம்பு இங்கே இருக்கும். மனதை இங்கே கூட்டிக்கொண்டு வரவேண்டும். இரண்டு பாதங்களையும் நிலத்தில் நன்றாக ஊன்றுங்கள். கண்ணுக்குத் தெரிகிற ஐந்து பொருட்களின் பெயரைச் சொல்லுங்கள்: படலை, கிணறு, வாளி, வேப்பமரம், கோழி. தொட்டு உணரக்கூடிய நான்கு, காதில் விழுகிற மூன்று என்று தொடருங்கள். இன்றைக்கு என்ன கிழமை, நான் எங்கே நிற்கிறேன், என்னோடு யார் இருக்கிறார்கள் என்று வாய் திறந்து சொல்லுங்கள். முகத்தையும் கையையும் குளிர்ந்த தண்ணீரில் நீங்களாகவே கழுவலாம்.

நான்காவது, முடிந்தவரை அந்த இடத்தைவிட்டு ஓடவேண்டாம். வீதியில் வாகனம் ஓட்டிக்கொண்டிருந்தாலோ, கிணற்றுக் கட்டில், ஏணியில், கடலில் நின்றாலோ முதலில் பாதுகாப்பான இடத்துக்கு வாருங்கள். மற்றபடி இருந்த இடத்திலேயே இருந்து, அலை இறங்கும்வரை பாருங்கள். ஏன் என்று அடுத்ததாகச் சொல்லுகிறேன்.

'மயங்கி விழுந்திடுவனோ' என்று பலர் பயப்படுவார்கள். இரத்த அழுத்தம் திடீரென்று விழும்போதுதான் ஆள் மயங்கும். பீதி வரும்போது அழுத்தம் பெரும்பாலும் கொஞ்சம் ஏறும். ஆகவே மயங்கி விழுவது மிகக் குறைவு. இந்தத் தாக்கத்தால் விசர் பிடிப்பதும் இல்லை.

படலைக்குள் அடைபடுவது

பல இடங்களில் கேட்ட கதைகளைச் சேர்த்து ஒன்றாகச் சொல்லுகிறேன். ஆளைத் தேடவேண்டாம்.

வன்னிக்குத் திரும்பிய ஒரு இளம் தாய்க்குச் சந்தையில் முதல் தடவை இது வந்தது. அடுத்த கிழமை அவள் சந்தைக்குப் போகவில்லை, தாயை அனுப்பினாள். மனதுக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு பஸ்ஸில் வந்தது, பஸ்ஸையும் விட்டாள். பிறகு கோயிலை விட்டாள். பிறகு பிள்ளையின் கிளினிக்கை விட்டாள். தடுப்பூசி போடவேண்டிய நாள் தவறிப்போனது. ஒரு வருடத்துக்குள் அவளுடைய உலகம் குசினிக்கும் படலைக்கும் இடையில் சுருங்கிவிட்டது. புருசன் வேலைக்குப் போனாலும் அழுகை, அதனால் அவனும் வேலையை விட்டான்.

இன்னொரு ஐயா, வலிகாமம் வடக்குக்காரர். முப்பது வயதில் விட்டுப்போன காணிக்கு அறுபதை நெருங்கும்போது வந்தார். வீட்டின் அத்திவாரம் மட்டும் இருந்தது. எல்லை தெரியவில்லை, தென்னைகள் இல்லை. பற்றை வெட்டும்போது ஒருநாள் நெஞ்சு இடித்தது. வைத்தியசாலையில் இதயம் நல்லது என்றார்கள். ஆனாலும் வளவுக்குள் கால் வைத்தால் வரும் என்று பயந்து, திரும்பவும் வாடகை வீட்டுக்கே போய்விட்டார். 'காணி கிடைச்சிட்டுது, ஆனா இருக்க ஏலாமல் கிடக்கு' என்றார். இவ்வளவு வருடம் கேட்டுக் கிடைத்த மண்ணை அந்தப் பத்து நிமிடம் அவரிடமிருந்து பறிக்கப் பார்த்தது.

இரண்டு கதையிலும் நடப்பது ஒன்றுதான். ஓடிப்போனவுடன் பயம் குறைகிறது. உடனே காவல்காரன், 'பார், ஓடினதால்தான் தப்பினாய், அந்த இடம் ஆபத்தானதுதான்' என்று பாடம் படித்துக்கொள்கிறான். அடுத்த தரம் இன்னும் கெதியாக மணி அடிப்பான். ஒவ்வொரு தடவை ஓடும்போதும் வருத்தத்துக்கு நாங்களே சோறு போடுகிறோம். அந்த இடத்தில் நின்று, பயம் ஏறி, தானாக இறங்குவதைக் கண்டால்தான் அவன் புதுப் பாடம் படிப்பான்.

இங்கே ஒன்றைக் கவனமாகப் பிரித்துப் பாருங்கள். சிவப்புப் பலகையும் மண்டையோட்டுப் படமும் உள்ள காணிக்குள் போகாமல் இருப்பது புத்தி. மிதிவெடி அகற்றி முடிந்தது என்று அறிவிக்காத இடத்துக்கும், அடையாளம் தெரியாத பொருள் கிடக்கிற இடத்துக்கும் ஒருநாளும் போகவேண்டாம், தொடவேண்டாம். கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். அங்கே காவல்காரன் அடிப்பது உண்மையான மணி. சந்தை, பஸ், கோயில், கிளினிக், பாதுகாப்பானது என்று கையளித்த உங்கள் சொந்த வளவு, இவற்றுக்கு அடிப்பது பொய் மணி. பயத்தை வெல்லுகிறேன் என்று உண்மையான ஆபத்துக்குள் யாரும் போய்விடக்கூடாது.

படிப்படியாகத் திரும்புதல்

ஒரே நாளில் சந்தைக்குப் போகச் சொல்லவில்லை. ஏணியில் ஏறுவது போல ஒவ்வொரு படியாக ஏறவேண்டும். அந்தத் தாய் ஏறிய படிகள் இவை:

முதல் படி, தங்கச்சியோடு படலைக்கு வெளியே பத்து நிமிடம் நிற்பது.
இரண்டாவது, ஒழுங்கை முடியும்வரை தங்கச்சியோடு நடந்து வருவது.
மூன்றாவது, அதே தூரம் தனியாக.
நான்காவது, பஸ் தரிப்பில் பஸ் வந்து போகும்வரை இருப்பது, ஏறுவதில்லை.
ஐந்தாவது, ஒரு தரிப்புத் தூரம் பஸ்ஸில் போய் இறங்குவது.
ஆறாவது, ஆட்கள் குறைந்த நேரத்தில் சந்தைக்குப் போய் ஒரு சாமான் வாங்குவது.
ஏழாவது, பிள்ளையைக் கிளினிக்குக் கொண்டுபோவது.

ஒவ்வொரு படியிலும் நெஞ்சு இடிக்கும். இடிக்கட்டும். பயத்துக்குப் பத்துக்கு எத்தனை புள்ளி என்று மனதில் போடுங்கள். எட்டில் தொடங்கினால் நாலுக்கு இறங்கும்வரை அந்த இடத்தில் நில்லுங்கள். உச்சத்தில் இருக்கும்போது திரும்பி ஓடாதீர்கள். அதே படியை நாளும் செய்யுங்கள். அது சாதாரணமாகிய பிறகு அடுத்த படி. ஒருநாள் முடியாமல் போனால் ஒரு படி இறங்கித் தொடங்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தத் தாய்க்கு ஏழு படிக்கும் ஏறக்குறைய மூன்று மாதம் எடுத்தது. இப்போதும் சில நாள் நெஞ்சு இடிக்கிறதாம். 'இடிக்குது, ஆனா நான் மரக்கறியைத் தெரிஞ்சு வாங்கிக்கொண்டுதான் நிண்டனான்' என்றாள்.

அந்த ஐயாவும் இப்படித்தான் வளவுக்குத் திரும்பினார். முதலில் மகனோடு படலையடியில் கதிரை போட்டு இருந்தார். பிறகு பகலில் ஒரு மூலையை மட்டும் துப்புரவாக்கினார். பிறகு ஒரு தென்னம்பிள்ளை வைத்தார். அதற்குத் தண்ணீர் ஊற்ற நாளும் வரவேண்டியிருந்தது. கடைசியாகத்தான் இரவு தங்கினார்.

ஒரு கொப்பி வையுங்கள். எத்தனை மணிக்கு, எங்கே, அதற்கு முதல் என்ன நடந்தது, எத்தனை நிமிடம் இருந்தது என்று எழுதுங்கள். 'ஒரு மணித்தியாலம் கிடந்தனான்' என்று நினைத்தது உண்மையில் பன்னிரண்டு நிமிடம் என்று கொப்பி காட்டும். எந்த நேரம், எந்தச் சத்தம், எந்தப் பழக்கம் அதைக் கூட்டுகிறது என்றும் காட்டும்.

நாளாந்தம் செய்யக்கூடியவை

மூச்சுப் பயிற்சியைத் தாக்கம் வராத நேரத்தில் காலையும் மாலையும் பழகுங்கள். நீச்சலை வெள்ளத்துக்குள் பழக முடியாது. பிராணாயாமம், சாந்தியாசனம், செபமாலை, திக்ர், தேவாரம் பாடுவது, எது உங்களுக்குப் பழக்கமோ அதைச் செய்யுங்கள். எல்லாவற்றிலும் மூச்சு ஒரு தாளத்துக்கு வருகிறது.

கடும் சாயத் தேத்தண்ணியும் கோப்பியும் நெஞ்சிடியைக் கூட்டும். ஒரு நாளைக்கு ஆறு ஏழு கோப்பை குடிப்பவர்கள் மெல்ல மெல்லக் குறையுங்கள். சிகரட்டும் புகையிலையும் அப்படித்தான். சாராயமும் கசிப்பும் இரவில் பயத்தை அமத்துவது போலக் காட்டும். வெறி இறங்கிய விடியற்காலையில் பதகளிப்பு இரட்டிப்பாக வரும். வெறும் வயிற்றோடு இருக்கவேண்டாம். ஒரே நேரத்துக்குப் படுத்து எழும்புங்கள். தோட்டம் கொத்துவது, சைக்கிள் ஓடுவது, நடப்பது நல்லது. வேலை செய்து நெஞ்சு வேகமாக அடிக்கும்போது, அந்த அடி ஆபத்தில்லை என்று உடம்பு பழகிக்கொள்ளும்.

வீட்டில் உள்ளவர்களுக்கு

ஒருவருக்கு இது வரும்போது வீட்டில் பத்துப்பேர் சூழ்ந்துகொள்வார்கள். ஒருவர் தண்ணீரை முகத்தில் அடிப்பார், ஒருவர் கையில் இரும்பைத் திணிப்பார், ஒருவர் கத்துவார். அந்தச் சத்தத்தில் காவல்காரன் இன்னும் பலமாக மணி அடிப்பான். ஒருவர் மட்டும் பக்கத்தில் இருங்கள். குரலைத் தாழ்த்துங்கள். 'நான் பக்கத்தில இருக்கிறன். இது குறையும். என்னோட சேர்ந்து மூச்சு விடுங்கோ.' இதற்கு மேல் பேச்சு வேண்டாம். அவருக்கு முன்னால் நீங்களே மெதுவாக மூச்சு விட்டுக் காட்டுங்கள்.

'நடிக்கிறாள்', 'வேலைக் கள்ளம்', 'உனக்கு மட்டுமோ சண்டை வந்தது?' என்று சொல்லவேண்டாம். அதேபோல அவர் செய்யவேண்டிய எல்லாவற்றையும் நீங்களே செய்து கொடுக்கவும் வேண்டாம். சந்தைக்கு அவருக்குப் பதிலாகப் போகாமல், அவரோடு சேர்ந்து போங்கள்.

பிள்ளைகளிடம் மறைக்கவேண்டாம். 'அம்மாவுக்கு நெஞ்சு வேகமா அடிக்கும், கொஞ்சத்தில சரியாகும், அம்மா சாகமாட்டா' என்று சொல்லிவையுங்கள். சொல்லாவிட்டால் பிள்ளை அதைவிடப் பெரிய பயத்தைத் தானாகக் கற்பனை செய்துகொள்ளும். பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் நாளும் வயிற்றுவலி, நெஞ்சு நோ என்று பிள்ளை சொன்னால் அடிக்கவேண்டாம். வைத்தியரிடம் காட்டுங்கள், ஆசிரியரோடு கதையுங்கள்.

எங்கே உதவி கேட்கலாம்?

உங்கள் வீட்டுக்கு வருகிற குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லலாம். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேட்கலாம். யாழ் போதனா வைத்தியசாலை, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்ட வைத்தியசாலைகளில் மனநல சிகிச்சை உண்டு. அரசாங்க வைத்தியசாலையில் அதற்குக் காசு இல்லை. மனநலப் பகுதிக்குப் போவதால் 'விசர்' என்று பெயர் வரும் என்று பயப்படுவார்கள். அங்கே வரிசையில் இருப்பவர்களைப் பார்த்தால், பெரும்பாலும் உங்களைப் போல நித்திரை இல்லாதவர்களும் நெஞ்சு இடிப்பவர்களும்தான்.

வைத்தியர் குளிசை தரலாம். பதகளிப்பைக் குறைக்கத் தருகிற சில குளிசைகள் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும். 'மூன்று நாள் போட்டன், சரிவரேல்லை' என்று விட்டுவிடவேண்டாம். சுகமானதும் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். வைத்தியர் சொல்லுகிறபடி படிப்படியாகக் குறைக்கவேண்டும். பார்மசியில் நீங்களாக நித்திரைக் குளிசை வாங்கிப் போடாதீர்கள். பக்கத்து வீட்டாரின் குளிசையும் வேண்டாம். அவற்றில் சில பழக்கமாகிவிடும்.

கூட்டத்தில் கேட்ட சில கேள்விகள்

*நித்திரையிலும் வருமா?*
வரும். கனவு இல்லாமலே திடுக்கிட்டு எழும்பி நெஞ்சு இடிக்கலாம். எழும்பி இருந்து, விளக்கைப் போட்டு, பாதத்தை நிலத்தில் ஊன்றி, அதே மூச்சுப் பயிற்சியைச் செய்யுங்கள். இரவில் குறட்டையோடு மூச்சு நிற்பதாக மற்றவர்கள் சொன்னால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

*காணாமல் போன மகனை நினைச்சால்தான் எனக்கு வருது. மறக்கச் சொல்லுறியளோ?*
இல்லை, அம்மா. மறக்கச் சொல்ல எனக்கு உரிமையில்லை. நீங்கள் தேடுவதை நிறுத்தவும் தேவையில்லை. மகனை நினைப்பதும் நெஞ்சு இடிப்பதும் வேறு வேறு. இடியைக் குறைத்தால் அவரை ஆறுதலாக நினைக்கலாம், தேடுகிற வேலைக்கும் உடம்பில் பலம் இருக்கும். இதே பாடுள்ள தாய்மாரோடு சேர்ந்து இருங்கள். தனியே சுமக்கவேண்டாம்.

*செத்துப்போனால் நல்லம் எண்டு சில நேரம் இருக்கு. சொல்லலாமோ?*
கட்டாயம் சொல்லவேண்டும், இன்றைக்கே சொல்லவேண்டும். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். அது தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசிச் சேவை, தமிழிலும் கதைக்கலாம். பக்கத்து வைத்தியசாலைக்கும் எந்நேரமும் போகலாம். வீட்டில் உள்ளவர்கள் பூச்சி மருந்தைப் பூட்டி வையுங்கள், அவரைத் தனியே விடவேண்டாம்.

*இது முற்றாக மாறுமா?*
பலருக்கு முற்றாக நின்றுவிடும். சிலருக்கு எப்போதாவது ஒருநாள் வந்து போகும். வந்தாலும் அது என்னவென்று தெரிந்துவிட்டால் பழைய பயம் இருக்காது. அதன் பெயர் உங்களுக்குத் தெரியும், அது எத்தனை நிமிடம் என்று கொப்பியில் இருக்கும், பக்கத்தில் என்ன சொல்லவேண்டும் என்று வீட்டாருக்குத் தெரியும்.

இன்று வீட்டுக்குப் போய் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் முற்றத்தில் இருந்து, நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுகிற மூச்சை ஐந்து நிமிடம் சேர்ந்து பழகுங்கள். சின்னப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யாருக்கு இந்தப் பாடு இருக்கிறது என்று கேட்கத் தேவையில்லை. சேர்ந்து இருந்தால் அவர்களாகவே சொல்லுவார்கள்.